பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

விமானம் ஒழுங்காகப் போய் இறங்கினால் எங்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. விழுந்தால் முதலில் தேடுகிற பெயர் எங்களுடையதுதான். புறப்படும் முன் விமானத்தைச் சரிபார்த்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள். ஆயுள் முழுக்க அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எழுதிப் பழக்கமில்லை. திருப்புளி பிடித்த கை பேனாவைப் பிடித்தால் எழுத்தும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஏரோடிரோமில் வேலை பழகும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புது விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இனிமேல் சரிபார்க்கிற வேலையில் பாதியை மீட்டர்களே செய்துவிடுமாம். எங்கே கோளாறோ அங்கே சிவப்பு விளக்கு எரியுமாம். "அப்புறம் தப்பு நடக்கவே வழியில்லைங்களே?" என்றான் ஒருவன். நான் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவனுக்குப் பதில் சொல்வதென்றால் ஒரு சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மில்லின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்து, கோயமுத்தூரைச் சுற்றி மில் மில்லாக முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டாங்காடு இருந்தது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நான் வானத்தைப் பார்க்க மாட்டேன் என்று மில் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். கடைசியில் வாழ்நாள் பூராவும் வானத்தைப் பார்க்கிற வேலைதான் வாய்த்தது.

மில் முதலாளியைப் பெரியவர் என்போம். அவருடைய ஒரே மகன் வேலுச்சாமி, எங்களுக்குச் சின்னவர். சின்னவர் மெட்ராஸுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, கையோடு ஒரு பழைய விமானத்தையும் வாங்கி வந்துவிட்டார். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி, மூக்கில் ஓர் இஞ்சின். அவ்வளவுதான் விமானம். இருகூர்ப் பக்கம் அவர்களுக்குச் சொந்தமான மேட்டு நிலத்தில் கிளுவை வேலியைப் பிடுங்கி, கல் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவி, ஓடுபாதை போட்டார்கள். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

விமானத்தைக் கவனிக்க வந்தவர் காசிம் ராவுத்தர். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். தகப்பனார் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். இவர் சின்ன வயதிலேயே கராச்சிக்குப் போய் ராணுவ விமானப் பட்டறையில் வேலை பழகி, பரீட்சை எழுதி, கிரவுண்ட் இஞ்சினியர் லைசென்ஸ் வாங்கியிருந்தார். அவருக்கு உதவியாகப் பட்டறையிலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துடைத்தேன், எண்ணெய் போட்டேன், கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நானே இஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன்.

ராவுத்தர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். ஒருமுறை நான் அரைகுறையாக விட்ட நட்டைக் கண்டுபிடித்துவிட்டு, "நாச்சிமுத்து, இதை முடுக்கினது நீங்களா, இல்லை காத்துங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேறு யாரும் என்னை அப்படி உறைக்கத் திட்டியதில்லை. அவ்வளவு மரியாதையாகத் திட்டினால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

அவர் விமானத்தைச் சரிபார்ப்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இடது பக்கத்தில் மூக்கருகே தொடங்கி, ஒரு முழுச்சுற்று சுற்றி அதே இடத்துக்கு வருவார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் 'ராவுத்தர் பிரதட்சணம் பண்றார்' என்று சிரிப்பார்கள். அவர் காதில் விழும், சிரிக்க மாட்டார். மூக்கில் இருக்கும் மரச் சுழலியை, அதாவது விசிறியை, நடுவிலிருந்து நுனிவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். இறக்கைகளை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளை விரலால் சுண்டிச் சத்தத்தைக் கேட்பார். துணியை முட்டிவிரலால் தட்டிப் பார்ப்பார். கீல்களில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு ஊசிப் பின்னையும் தொடுவார். 'கண்ணு பாத்தாப் பத்தாதுங்க, கை பாக்கோணும்' என்பது அவர் வாக்கு.

கடைசியில் பெட்ரோல். மேல் இறக்கையின் நடுவில், முன் இருக்கைக்கு நேர் மேலே பெட்ரோல் தொட்டி இருந்தது. பெட்ரோல் தானாகவே கீழே இஞ்சினுக்கு இறங்கும். தொட்டியின் மேலே பித்தளை மூடி, மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் துளை எதற்கென்று தெரியும். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. கொஞ்சம் வடியும், நின்றுவிடும். ராவுத்தர் தினமும் ஏணி போட்டு ஏறி, மூடியைத் திருகி எடுத்து, அந்தத் துளையை வாயில் வைத்து ஊதுவார். காற்று மறுபக்கம் வருவதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.

நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒருநாள் சின்னவர் தம் சிநேகிதர் ஒருவரை அழைத்து வந்து, பாதிச் சுற்றில் இருந்த ராவுத்தருக்கு அறிமுகம் செய்து வைத்தார். ராவுத்தர் கும்பிட்டார், நலம் விசாரித்தார், பிறகு மூக்குக்குத் திரும்பிப் போய்ச் சுழலியைத் தடவ ஆரம்பித்தார். வெயிலில் நின்று சலித்துப் போன சிநேகிதர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். சின்னவருக்குக் கோபமே வரவில்லை. ராவுத்தர் பார்த்த விமானத்தில் எமனே வந்து தேடினாலும் குற்றம் கண்டுபிடிக்க மாட்டான் என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

சின்னவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. சம்சாரம் சத்தியமங்கலத்துப் பெண், ருக்மணி. நாங்கள் சின்னம்மணி என்போம். நல்ல துணிச்சல்காரி. ஒருதரம் முன் இருக்கையில் உட்கார்ந்து பறந்துவிட்டு வந்து, பவானி ஆறு அரைஞாண் கயிறு மாதிரித் தெரிந்தது என்று என்னிடம் சொன்னார். மாமனார் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அந்தப் பறத்தல் நடந்தது. பெரியவருக்கு விமானமே பிடிக்காது. மகன்மேல் இருந்த பிரியத்தால் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஏர், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கிற கவலையின் உருளை, தறி, வண்டி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மில்லில் இஞ்சினுக்கும் உண்டு. விமானத்துக்கு மட்டும் இல்லாமல் போகுமா? ராவுத்தர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் சந்தனக் கிண்ணத்தோடு வந்த எங்களை நிறுத்தி, எங்கெங்கே வைக்கலாம் என்று கையைப் பிடித்துக் காட்டாத குறையாகக் காட்டினார். சக்கரத்தில் வைக்கலாம், மூக்கில் வைக்கலாம், வாலின் பக்கவாட்டில் வைக்கலாம். கீலில் கூடாது, கம்பியில் கூடாது, குழாய் வாய் எதிலும் கூடாது. அப்படியே வைத்தோம். சின்னவர் மறுநாள் விஜயதசமி காலையில் மில்லுக்கு மேலே ஒரு வட்டம் போட்டுப் பூத் தூவுவதாக ஏற்பாடு. அதற்காகப் பூசைக்கு முன்பே ராவுத்தரும் நானும் தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றி, துளையை ஊதிப் பார்த்து மூடிவிட்டோம்.

பொழுது சாய்ந்ததும் ராவுத்தர் தொழுகைக்காகக் கொட்டகைக்குப் பின்னால் போனார். நான் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கப் போனேன். சின்னம்மணி மில் பூசை முடிந்து அதற்குப் பிறகுதான் காரில் வந்தாராம். விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் வைத்திருக்கிறீர்கள், நெற்றியில் வைக்கவில்லையே என்றாராம். எங்கே நெற்றி என்று சின்னவர் கேட்டதற்கு, மேல் இறக்கையின் நடுவைக் காட்டினாராம். சின்னவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறிய சின்னம்மணிக்கு, துடைத்துப் பளபளவென்றிருந்த அந்தப் பித்தளை வட்டத்தைவிட நல்ல நெற்றி வேறு எங்கே கிடைக்கும்? குழைத்த சந்தனத்தை நடுவில் அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்துவிட்டு இறங்கினார். இதையெல்லாம் டிரைவர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இராத்திரிக் காற்றில் சந்தனம் நன்றாக இறுகிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார். ராவுத்தர் அவசரப்படவில்லை. வழக்கம்போல மூக்கில் தொடங்கினார். சுழலி, கம்பிகள், கீல்கள், வால் எல்லாம் பார்த்து முடித்தார். ஏணியை நான் பிடிக்க, மேலே ஏறினார். நான் கீழே நின்றதால் அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கை மூடியின் பக்கம் போனது, நின்றது. அவர் திரும்பிக் கீழே பார்த்தார். சின்னம்மணி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பக்கத்தில் சின்னவர் தோல் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். ராவுத்தர் மறுபடி மூடியைப் பார்த்தார்.

"நாச்சிமுத்து, நேத்து நாமதானுங்களே ஊத்தி மூடினோம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்றேன். மேலே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவர் மூடியைத் திறக்காமல் இறங்கி வந்தார். நான் அவரோடு இருந்த காலத்தில் அப்படி இறங்கியது அந்த ஒரு நாள்தான்.

இஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். தரையில் ஒரு குறையும் இல்லை. ராவுத்தர் கையெழுத்துப் போட்டார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன் இருக்கையில் பூக்கூடையை வைத்துக் கட்டினேன். சின்னம்மணி ஆரத்தி சுற்றினார். விமானம் ஓடி, எழும்பி, பனைமர உயரத்தைத் தாண்டியது. பிறகு இஞ்சின் ஒருமுறை திக்கியது. மறுபடி பிடித்தது. மறுபடி திக்கி, நின்றேவிட்டது.

அந்த நிசப்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எதிரே நேராக ஒரு கிணறும், கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்த ஆட்களும் மாடுகளும். சின்னவர் இடது பக்கம் திருப்பினார். வேகம் போதாத விமானத்தைத் திருப்பினால் ஓர் இறக்கை சாய்ந்துவிடும். சாய்ந்தது. சோளக்காட்டில் மூக்குக் குத்தி விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சோளத்தட்டுகளின் மேலெல்லாம் செவ்வந்திப் பூ சிதறிக் கிடந்தது. ராவுத்தர் முதல் வேலையாகப் பெட்ரோல் குழாயை அடைத்தார். அதனால் தீப்பிடிக்கவில்லை. வார்களை அறுத்துச் சின்னவரை வெளியே எடுத்துக் காரில் ஏற்றினோம். சின்னம்மணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கார் போன பிறகு கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ராவுத்தர் உடைந்த இறக்கையின் மேல் கால் வைத்து ஏறினார். நானும் கூட ஏறினேன். அப்போதுதான் அந்த மூடியைப் பார்த்தேன். பூ போய்விட்டிருந்தது. சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ராவுத்தர் மூடியைத் திருகினார். ஸ்ஸ் என்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்தவன் மூச்சு வாங்குவது போல இருந்தது. தொட்டி நிறையப் பெட்ரோல். காற்று போக வழியில்லாமல் இஞ்சின் வறண்டு நின்றிருக்கிறது.

ராவுத்தர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் ஏறியபோதே இதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். துளை தெரிவது மாதிரி இருந்ததாம். தெரிகிறது என்று மனசே சொல்லிக்கொண்டதாம். பிறகு சொன்னார்:

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க பொட்டு வெக்கறதில்லைங்க. ஆனா நானும் இந்த ஊர்ல பொறந்து வளந்தவன். பொட்டை அழிக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? புருசன் பறக்கப் போறார், பொண்டாட்டி ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க. அந்த அம்மணி வெச்ச பொட்டை அவங்க கண்ணு முன்னால அழிக்க எனக்குக் கை வரலீங்க."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி அன்று போதவில்லை. சறுக்கியது அடி அல்ல. நல்ல மனசுதான் அந்த மனிதரைச் சறுக்கி விட்டது.

மூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன் ராவுத்தர் குங்குமத்தையும் மேலே இருந்த சந்தனத்தையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டார். துளைக்குள் இறுகியிருந்ததை மட்டும் தொடவில்லை. விசாரணைக்கு வருகிறவர்களிடம் அது மண் என்று சொல்லப் போவதாகவும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். மண் அடைத்திருந்து பார்க்கவில்லை என்றால் குற்றம் முழுக்க உங்கள் தலையில் அல்லவா விழும் என்றேன்.

"விழட்டுங்க. தாலி போச்சு அந்தப் பொண்ணுக்கு. அது அவங்க கையாலதான் போச்சுன்னும் தெரியோணுங்களா?"

துடைத்த துணியை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்ததும் மெட்ராஸிலிருந்து விமான இலாகா துரை ஒருவர் வந்தார். பெரியவரின் பங்களா வராந்தாவில் மேசை போட்டு விசாரணை நடந்தது. துரை மூடியைக் கையில் வாங்கி, துளைக்குள் ஊசியை விட்டு நோண்டிப் பார்த்தார். பெட்ரோலில் ஊறியதில் வாசனையும் போய்விட்டிருந்தது. இது என்ன என்று கேட்டார். மண் என்றார் ராவுத்தர். அன்று காலையில் மூடியைத் திறந்து ஊதினாயா என்று கேட்டார். இல்லை என்றார். துரை எழுதிக்கொண்டார்.

மண் என்று கேட்டதும் பெரியவர் எழுந்து நின்றார். என் மகனை மண்ணுக்குள் அனுப்பியது இவன் சோம்பல்தானா என்று கேட்டார். அன்று மாலையே போலீஸுக்கு ஆள் போனது. அஜாக்கிரதையால் உயிர்ப்பலி என்று கேஸ் போடப் போவதாக ஊரெல்லாம் பேச்சு. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதில் சில பேச்சு ராவுத்தரின் மதத்தையும் தொட்டது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். லைசென்ஸ் போவது நிச்சயம், ஜெயிலும் கிடைக்கலாம் என்பதுதான் நிலைமை. ராவுத்தர் மட்டும் வழக்கம்போலக் கொட்டகைக்கு வந்து, உடைந்த சாமான்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று பொழுது இறங்கியதும் சின்னம்மணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பங்களாவின் பின்கட்டில், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வெள்ளைச் சேலை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாச்சிமுத்தண்ணா, அந்த மூடியில இருந்தது மண்ணுங்களா?"

நான் பேசவில்லை.

"ராவுத்தர் சொல்ல வேண்டாம்னு சொன்னாருங்களா?"

அதற்கும் நான் பேசவில்லை. பிறகு, "செரிங்க, நீங்க போங்க" என்றார். எந்த அழுகையும் இல்லாத குரல் அது.

மறுநாள் துரை முடிவாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். உள்ளிருந்து சின்னம்மணி வராந்தாவுக்கு வந்தார். புருஷன் செத்து மாதம்கூட ஆகாத பெண், ஆண்கள் கூடிய இடத்துக்கு, வெறும் நெற்றியோடு வருவது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். பெரியவர் பதறி, உள்ளே போகச் சொன்னார். அவர் போகவில்லை.

"மாமா, போலீசை அனுப்பிச்சுருங்க. மூடியில இருந்தது மண்ணில்லைங்க. நான் வெச்ச சந்தனம்."

மில் மானேஜர்தான் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர். அவர் பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். சின்னம்மணி, சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சொல்லும்வரை அங்கேயே நின்றார். துரை கேட்டுவிட்டு, இது நிஜமா என்று ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"நெசந்தானுங்க" என்றார் ராவுத்தர். "ஆனா அம்மணி வெச்சது தப்பில்லைங்க. பாக்கறது அவங்க வேலையில்லை, என் வேலை. நான் பாத்தேன். பாத்துப்போட்டும் துடைக்கலை."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, துண்டை எடுக்காமலே, போலீஸ்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கேஸ் அதோடு போயிற்று. ஆனால் துரை தம் முடிவை மாற்றவில்லை. யார் வைத்தாலும், என்ன வைத்தாலும், பார்க்க வேண்டியவன் பார்த்துச் சரிசெய்யாதது குற்றம் என்று ராவுத்தரின் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார். இன்றைக்கு என்னைக் கேட்டாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன். ராவுத்தரும் அதையேதான் சொன்னார்.

பிற்பாடு அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. வடக்கே போய் வெகுகாலம் வேலை பார்த்தார். நானும் பரீட்சை எழுதி அவர் வழியிலேயே போனேன். பிள்ளைகள் கேட்டார்களே, அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மீட்டர் வரட்டும், சிவப்பு விளக்கும் எரியட்டும். ராவுத்தரின் கண்ணுக்கு அன்று கோளாறு தெரியாமல் இல்லை. விளக்கு எரிந்திருந்தாலும் அவர் கை அந்த இடத்தில் நின்றுதான் இருக்கும். ஒருவர் மனசு நோகுமே என்று தோன்றுகிற இடத்தில் கை நிற்கிறதா, நிற்காமல் போகிறதா என்பதைக் காட்ட மீட்டர் இன்னும் வரவில்லை. அப்படி நிற்கிற கையைத் தள்ளி விடத்தான் நான் என் வேலைக்காலம் முழுக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஊரைவிட்டுப் புறப்படும் முன் ராவுத்தர் பங்களாவுக்குச் சொல்லிக்கொள்ளப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் நின்றோம். பெரியவர் வெளியே வரவில்லை. சின்னம்மணிதான் வந்தார். ராவுத்தர் இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னம்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"நீங்க ஏன் துடைக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. துடைச்சிருந்தா நான் உங்களைத் திட்டியிருப்பேன். அத்தனை பேர் முன்னால, வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

குரல் அப்போதுதான் உடைந்தது.

"அந்தத் திட்டை நீங்க வாங்கியிருக்கலாமில்லைங்களா, ராவுத்தருங்க?"

ராவுத்தர் நிமிரவில்லை. "வாங்கியிருக்கோணுமுங்க, அம்மணி" என்றார். அப்படியே திரும்பிப் படியிறங்கி, செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு தெருவில் நடந்தார். வெயில் நல்ல ஏறுவெயில். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கூப்பிட்டுக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.